சேர்ந்தவுடன் 1,00,000 வெள்ளியா?

"தாதியாகச் சேர்ந்தாலே அரசாங்கம் 1,00,000 வெள்ளி தருகிறது" என்று சிங்கப்பூரில் வாட்ஸ்அப்பில் சுற்றும் தகவல் தவறு.

சுகாதார அமைச்சு 2024 பிப்ரவரியில் அறிவித்த, தாதியரைப் பணியில் தக்கவைக்கும் ஏஞ்சல் (ANGEL) திட்டத்தில், பொது மருத்துவமனைத் தாதியருக்கு 20 ஆண்டுகளில் அல்லது ஓய்வு வயது வரை, அதிகபட்சமாகக் கிடைக்கும் தொகை அது. 46 வயதுக்குக் கீழ் இருந்தால் 4 முதல் 6 ஆண்டுக்கு ஒருமுறை 20,000 முதல் 30,000 வெள்ளி. மூத்தவர்களுக்கு ஆண்டுதோறும் 5,000 முதல் 15,000. ஒரே திட்டம், இரண்டு தலைமுறைக்கு இரண்டு கணக்கு!

காலை 7 மணி ஷிஃப்ட்டுக்கு ஈசூனிலிருந்து ஊட்ரம் பார்க் பக்கத்துப் பொது மருத்துவமனை வரை இருட்டிலேயே ரயிலேறுபவருக்கு, வீட்டுப் பக்கத்துத் தனியார் கிளினிக் இனிக்கத்தான் செய்யும். ஆனால் தவணைக்குச் சில மாதம் முன்பு விலகினால் அந்தத் தவணை போச்சு. விலகல் கடிதத்துக்கு முன் மனிதவளப் பிரிவில் தேதியைக் கேளுங்கள்.