சர்க்கரை சேர்த்தாலே திராட்சை சிரப் கெடாதா?

'ஒரு லிட்டர் பன்னீர் திராட்சைச் சாறுக்கு ஒரு கிலோ சர்க்கரை போட்டுக் காய்ச்சினால், வெளியிலேயே ஆறு மாதம் கெடாது. சர்க்கரைதான் இயற்கைப் பதப்படுத்தி' என்று ஒரு செய்தி வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. பாதிதான் உண்மை.

சர்க்கரை பதப்படுத்தும், ஆனால் அளவு எட்டினால்தான். கரைசலில் ஏறத்தாழ 65 சதவீதம் இனிப்பு இருந்தால்தான் நுண்ணுயிர்களுக்குத் தண்ணீர் கிடைக்காமல் போகும். மேலே சொன்ன அளவில், பழத்தின் இனிப்பையும் சேர்த்தால்கூட 55 சதவீதத்தை ஒட்டித்தான் வரும். 65 வேண்டுமென்றால் லிட்டருக்கு ஒன்றரை கிலோ தேவை, அல்லது நன்றாக வற்றக் காய்ச்ச வேண்டும். நீர்த்த சிரப்பில் ஈஸ்ட் புகுந்தால் புளித்து, வாயு உண்டாகும். இறுக மூடிய கண்ணாடி பாட்டில் வெடிக்கவும் கூடும். குழந்தைகள் எடுக்கும் பொருள் என்பதால்தான் இவ்வளவு வற்புறுத்துகிறேன்.

கடையில் வாங்கும் ஸ்குவாஷில் இனிப்பு இதைவிடக் குறைவு. சோடியம் பென்சோயேட் போன்ற பதப்படுத்தும் வேதிப்பொருள்கள் சேர்ப்பதால்தான் அது தாங்குகிறது.

வீட்டில் காய்ச்சியதைக் கொதிநீரில் கழுவி உலர்த்திய சிறு பாட்டில்களில் ஊற்றி, ஃபிரிட்ஜில் வையுங்கள். ஈரக் கரண்டி படக்கூடாது. நுரையோ புளித்த வாடையோ பூஞ்சையோ தெரிந்தால் மறுபடி காய்ச்சிப் பார்க்காதீர்கள், கொட்டிவிடுங்கள்.