பள்ளிக்கூடத்துல கவுன்சிலர் ரூம் எங்க இருக்கு?

மதுரை பழங்காநத்தத்துல ஒரு பள்ளிக்கூடத்துக்கு எதிர்த்தாப்புல பதினோரு வருசமா ஜெராக்ஸ் கடை வச்சிருக்கேன். எந்தப் புள்ள மொகம் வாடியிருக்குன்னு வாத்தியாருக்கு முன்னாடி எனக்குத் தெரிஞ்சிரும். பேனா வாங்க வந்தா பத்து நிமிசம் வாயடிக்கிற பையன் ஒருத்தன், காலாண்டுப் பரீட்சைக்கப்புறம் காசை வச்சிட்டுப் பேசாமப் போறான். கூட வர்றவன்தான் சொன்னான், "அவனை எஃப் செக்‌ஷனுக்கு மாத்திட்டாங்கண்ணே."

எஃப்க்குப் புள்ளைக வச்சிருக்கிற பேரு டப்பா செக்‌ஷன்.

பிளஸ் டூ ரிசல்ட்ல மாநில ரேங்க் சொல்றதை 2017லயே அரசாங்கம் நிறுத்திருச்சு. பள்ளிக்கூடத்துக்காரங்க பிளக்ஸை நிறுத்துனாங்களா? 2025 ஜூலையில சுப்ரீம் கோர்ட்டும் சொல்லிருச்சு: முடிஞ்சவரைக்கும் மார்க்கைப் பார்த்துப் புள்ளைகளைப் பிரிக்காதீங்க, நாலு பேர் முன்னாடி அசிங்கப்படுத்தாதீங்க. 100 பேர், அதுக்கு மேல படிக்கிற எடத்துல தகுதியுள்ள மனநல ஆலோசகர் (கவுன்சிலர்) ஒருத்தராவது இருக்கணும்னும் அதே தீர்ப்புல இருக்கு.

எம் பொண்ணு பிளஸ் ஒன் படிக்கிற பள்ளிக்கூடத்துல ஆலோசகர் இருக்காங்க. புதன்கிழமை வருவாங்க, தங்கமான அம்மா. ஆனா ரூம் எங்க தெரியுமா? எச்.எம். ரூமுக்கு ஒட்டுனாப்புல, கண்ணாடிக் கதவு. எதிர்த்த பெஞ்சுல ஃபீஸ் கட்ட வந்த பேரண்ட்ஸ். உள்ள போகணும்னா கிளாஸ் டீச்சர்கிட்ட சீட்டு வாங்கணும், சீட்டுல காரணம் எழுதணும். "மதியம் நான் உள்ள போனா சாயங்காலம் வேன்ல லூசுன்னு பேரு வச்சிருவாங்கப்பா"ங்கிறா. அவ சொல்றது தப்பா? உங்க ஆபீஸ்ல இப்படி ஒரு ரூம் இருந்தா நீங்க போவீங்களா?

மனசு சரியில்லைன்னா பேசுறதுக்கு அரசாங்கத்தோட டெலி மானஸ் நம்பர் 14416 இருக்கு. 2022 அக்டோபர்ல ஆரம்பிச்சது. ராத்திரி ரெண்டு மணிக்கும் கூப்பிடலாம், தமிழ்ல பேசலாம், காசு கெடையாது. பெருசா பிரிண்ட் எடுத்து மெஷின் மேல ஒட்டியிருக்கேன். ஆனா பத்தாவது வந்ததுமே போனைப் புடுங்கிப் பீரோவுல வச்சுப் பூட்டிர்றோம். அந்தப் புள்ள எதுல பேசும்? (பூட்டுனவன்ல நானும் ஒருத்தன். இப்ப சாவியை சாமி மாடத்துல வச்சிருக்கேன், கேக்காமலே எடுத்துக்கலாம்.)

"எங்க காலத்துல பெரம்பால அடிச்சாங்க, நாங்க நல்லாத்தான இருக்கோம்"னு கமெண்ட் போட வர்றவங்களுக்கு: நல்லா இருக்கிறவன்தான வந்து அதைச் சொல்லுவான். எங்கூடப் படிச்சவன் ஒருத்தன் பிளஸ் டூ ஃபெயிலாகித் திருப்பூருக்குப் போனவன், ஆறு வருசம் வீட்டுப் பக்கமே வரலை. அவன் முகநூல்ல இல்லை.

போன வாரம் பேரண்ட்ஸ் மீட்டிங்ல எந்திரிச்சு ரூமை மாத்துங்கன்னு கேட்டேன். "அடுத்த மீட்டிங்ல பாப்போம் சார்"னுட்டாங்க. லைப்ரரிக்குப் பின்னாடி ஒடைஞ்ச பெஞ்சைப் போட்டு வச்சிருக்கிற ரூம் சும்மாதான் கெடக்கு. புள்ளைக எப்படியும் புஸ்தகம் எடுக்க அங்கிட்டுப் போகுதுக, யாரும் ஏன்னு கேக்க மாட்டாங்க. பெஞ்சை ஒழிச்சுக் குடுங்க, வெள்ளையடிக்கிற செலவு என்னோடது. கதவு மட்டும் மரக்கதவா இருக்கட்டும்.