பனிநாளில் பறவைத் தீனி: புண்ணியக் கணக்கில் எழுதாதீர்கள்

கனடாவின் ஸ்காபரோவில் விடிந்ததிலிருந்து பனி கொட்டுகிறது. கொல்லையில் தொங்கும் பறவைத் தீனிக் கலமான ஃபீடரை நிரப்பினேன் என்று சொன்னதும், ‘வாயில்லாச் சீவன்களுக்குப் படியளக்கிறாய், பெரிய புண்ணியம்’ என்றார் பெரியம்மா. அந்தப் பெருமை எனக்கு வேண்டாம். நான் விதை வைப்பது வேடிக்கை பார்க்கத்தான்.

சிக்கடீ என்ற சின்னப் பறவையைப் பாருங்கள். எடை பத்துப் பன்னிரண்டு கிராம்தான். ஃபீடரில் உட்கார்ந்து தின்னாது. ஒற்றை விதையைக் கவ்விக்கொண்டு கிளைக்குப் போய், காலடியில் இடுக்கி அலகால் கொத்தி உடைக்கும். சில விதைகளை மரப்பட்டை இடுக்கில் ஒளித்து, பிறகு இடம் மறக்காமல் எடுக்கும். இரவுக் குளிரில் உடல் வெப்பத்தையே பல பாகை தாழ்த்திக்கொள்ளும். இதற்கா நான் படியளப்பது? அமெரிக்காவின் விஸ்கான்சினில் 25 ஆண்டுகள் தீனி வைத்த இடத்திலிருந்து ஃபீடர்களை அகற்றிப் பார்த்தார்கள். அங்கிருந்த சிக்கடீக்கள், தீனியே காணாத காட்டுச் சிக்கடீக்களைப் போலவே குளிர்காலத்தைத் தாண்டின. கடுங்குளிர் மாதங்களில் தீனி கைகொடுக்கிறது என்பதும் உண்மைதான். ஆனால் அது உபரி உதவி.

இன்னொன்று சொன்னால் சிலருக்குக் கோபம் வரும். சிவப்புக் கார்டினல் வந்தால் கேமராவைத் தூக்குகிறோம், சிட்டுக்குருவி வந்தால் கண்ணாடியைத் தட்டி விரட்டுகிறோம். ஐரோப்பாவிலிருந்து 1850களில் நியூயார்க்கின் புரூக்ளினுக்குக் கொண்டுவந்து விட்ட இனம்தான் அது. இங்குள்ள பறவைகளின் கூட்டைப் பறிக்கிறது என்ற குற்றச்சாட்டில் நியாயமும் உண்டு. ஆனால் ‘ஊரில் குருவியைக் காணோம்’ என்று உருகிப் பதிவு போடுகிறவர்களே இங்கே அதே குருவியை விரட்டுவதைப் பார்த்தால் சிரிப்புதான் வருகிறது.

வேடிக்கைக்கு வைக்கிறோம் என்று ஒப்புக்கொண்டால் பொறுப்பும் நம்முடையதாகிவிடுகிறது. மலிவு விலைக் கலவைப் பையில் பாதி சிவப்புச் சோளம் (மக்காச்சோளம் அல்ல, மைலோ என்னும் சிறுதானியம்). இங்கு வரும் பறவைகளில் பெரும்பாலானவை அதை ஒதுக்கித் தள்ளும், கீழே விழுந்து பனியில் ஊறி அழுகும். கறுப்புச் சூரியகாந்தி விதையே போதும். தரையில் பொறுக்கும் ஜங்கோப் பறவைக்குப் பனியை விலக்கிக் கொஞ்சம் தூவுங்கள். ஜன்னலுக்கு ஒரு மீட்டருக்குள் மாட்டினால், பறவை மோதினாலும் உயிர்போகும் வேகம் இராது. நோய்ப்பட்ட ஃபின்ச் பறவை கண் வீங்கி வந்து உட்கார்ந்தால், ஃபீடரை உடனே இறக்கிவிடுங்கள். இரண்டு வாரத்துக்கொரு முறை ஒரு பங்கு ப்ளீச், ஒன்பது பங்கு தண்ணீர் கலந்து கழுவி, நன்றாக அலசி, காயவைத்து மாட்ட வேண்டும். இந்தக் குளிரில் யார் கழுவுவது என்று அலுத்துக்கொள்பவர்கள் ஃபீடரைக் கழற்றி உள்ளே வைத்துவிடலாம்.