மாமாவின் அல்பத்தில் இருந்த பண்டிதர்

போன மாதம் மாமாவின் ஆண்டுத் திவசம் முடிந்து அவருடைய அலுமாரியை ஒதுக்கும்போது முத்திரை அல்பம் கையில் கிடைத்தது. சின்ன வயதில் பக்கத்தில் குந்தியிருந்து பார்த்த வேலை அது. கடித உறையின் மூலையைக் கத்தரித்து, கிண்ணத்துத் தண்ணீரில் ஊறப்போட்டு, பசை கழன்றதும் மெல்ல உரித்துப் பழைய பேப்பரில் குப்புறக் காயப்போடுவார். "அமத்தாத பிள்ளை, பல்லு உடைஞ்சிரும்" என்பார். முத்திரை விளிம்பைத்தான் பல்லு என்பார்.

இலங்கைப் பக்கத்தில் 1971இல் வந்த ஆறுமுக நாவலர் முத்திரை இருந்தது. அதற்குக் கீழே, இந்திய முத்திரை ஒன்று. அயோத்திதாசப் பண்டிதர், 2005. நாடு பார்த்து அடுக்கும் மனுஷன் இதை ஏன் இங்கே வைத்தார்? கீழே பென்சிலால் எழுதியிருந்தார்: கொழும்பு, 1898.

நாவலரைத் தெரியாத ஆள் திருகோணமலையில் இல்லை. பண்டிதரை நான் கேட்ட நண்பர்கள் ஒருவருக்கும் தெரியவில்லை. அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

1845இல் பிறந்தவர், இயற்பெயர் காத்தவராயன். தன் ஆசிரியரின் பெயரையே தனக்கு வைத்துக்கொண்டார். சித்த வைத்தியர். 1907இல் சென்னை இராயப்பேட்டையிலிருந்து 'ஒரு பைசாத் தமிழன்' என்று வாரப் பத்திரிகை தொடங்கி, 1914இல் கண்மூடும்வரை நடத்தினார். ஒடுக்கப்பட்ட மக்கள்தான் இந்த மண்ணின் பழைய பௌத்தர்கள், சாதியை ஏற்காததாலேயே தாழ்த்தப்பட்டார்கள் என்பது அவர் வாதம். அதன் வரலாற்றுப் பகுதி முழுவதையும் நான் ஏற்கவில்லை. ஆனால் அந்த வாதம் எங்கிருந்து பிறந்தது என்று பாருங்கள். 1892இல் சென்னை மகாஜன சபைக் கூட்டத்தில் எழுந்து, எங்கள் மக்களையும் கோயிலுக்குள் விடுங்கள் என்று கேட்டார். சிவனும் விஷ்ணுவும் உங்கள் தெய்வங்கள் இல்லை என்று சபையில் வைத்தே சொல்லிவிட்டார்கள். ஆறு வருஷம் கழித்து, பிரம்மஞான சபைத் தலைவர் கர்னல் ஒல்கொட்டோடு கொழும்புக்கு வந்து, சுமங்கல தேரர் என்ற பிக்குவிடம் பஞ்சசீலம் எடுத்துப் பௌத்தரானார். உ.வே.சா. பௌத்தக் காப்பியமான மணிமேகலையை அச்சில் கொண்டுவந்ததும் அதே 1898இல்தான்.

இதை எங்கள் ஊரில் சொல்வது லேசில்லை என்று தெரியும். அந்த முத்திரை வந்த அதே 2005, மே மாதம், நகர மத்தியில் இரவோடிரவாகப் புத்தர் சிலை வைக்கப்பட்டதும், கடையடைப்பும் பயமுமாக நாங்கள் கிடந்ததும் எனக்கு மறக்காது. காணி போகும் பயம் இன்றைக்கும் இருக்கிறது, அது நியாயமான பயம். அந்தப் பயத்திலே ஒன்றை நாங்களே கைவிட்டுவிட்டோம் என்பதுதான் என் ஆதங்கம். ஹொரவப்பொத்தானை வீதியால் போய்ப் பெரியகுளத்துப் பக்கம் இறங்கினால் வெல்கம் விகாரை. எங்கள் ஆக்களுக்கு அது நாதனார் கோயில். சோழர் காலத்தில் அதற்குப் பெயர் இராஜராஜப் பெரும்பள்ளி. பௌத்தப் பள்ளிக்கு விளக்கெரிக்கத் தமிழர்கள் கொடுத்த தானத்தைத் தமிழிலேயே கல்லில் வெட்டி வைத்திருக்கிறார்கள். சோழர் காலத் தமிழெழுத்தை அங்கே கல்லில் தடவிப் பார்க்கலாம். புத்தம் என்றாலே மற்றவனுடையது என்று எழுதிக் கொடுத்தால், அந்தக் கல்லுக்கு யார் உரிமை கேட்பது?

அப்புறம், பண்டிதர் ஏன் பௌத்தத்துக்குப் போனார் என்ற கேள்வி. அதைக் கதைக்க எங்களுக்கு விருப்பமே இல்லை. நான் எட்டாம் வகுப்புப் படிக்கும்போது ஒரு கோயில் தேரன்று, என்னோடு வடம் பிடிக்க வந்த கூட்டாளியை ஒரு பெரியவர் தோளில் தொட்டுக் கூப்பிட்டு, "தம்பி, நீர் அங்கால நில்லும்" என்றார். சத்தம் போடவில்லை, ஏசவில்லை. அவன் வடத்தை விட்டுவிட்டுத் தேங்காய் உடைத்த இடத்தில் போய் நின்றான். நான் வடத்தை விடவில்லை. முப்பது வருஷமாகியும் அந்தக் கயிற்றின் சொரசொரப்பு என் உள்ளங்கையில் இருக்கிறது. இடம்பெயர்ந்திருந்தபோது முகாமில் எல்லாரும் ஒரே பைப்பில் தண்ணீர் பிடித்தோம், சரி. ஊருக்குத் திரும்பிக் கலியாணப் பேச்சு வந்ததும் முதல் கேள்வி, "அவையள் எந்த ஆக்கள்?"

நாவலர் தமிழ் உரைநடைக்குச் செய்ததை நான் மதிக்கிறேன். சாதி விஷயத்தில் அவர் பண்டிதரின் பக்கம் நிற்கவில்லை. பாடசாலையில் நாவலரைப் படிக்கிற பிள்ளை பண்டிதரையும் ஒரு பக்கமாவது படிக்க வேண்டும். ஆசிரியராக இருக்கிற நண்பர்களிடம் இதை உரிமையோடு கேட்கிறேன்.

மாமாவின் மகள் அல்பத்தை எனக்கே தந்துவிட்டாள். இந்திய முத்திரைகளை எல்லாம் வருஷப்படி திரும்ப அடுக்கினேன். பண்டிதரை மட்டும் எடுக்கவில்லை. மாமா வைத்த இடத்திலேயே, நாவலருக்குக் கீழே இருக்கிறார்.