அது காலி இடம் இல்லை

சென்னையில் ஒரு பள்ளி வளாகத்தில் நாவல் மரங்களை வெட்டிச் சாய்த்த படங்களை நேற்றிலிருந்து நீங்களும் பார்த்திருப்பீர்கள். பள்ளியின் பெயரை நான் எழுதப் போவதில்லை. அங்கே படித்தவர்களுக்குக் கிணற்றடி என்றாலே தெரிந்துவிடும். வெட்டியதைவிட, படத்தின் கீழே ஒருவர் எழுதிய வரிதான் என்னைத் தூங்கவிடவில்லை: "காலியாகக் கிடந்த இடம்தானே, பஸ் நிறுத்தப் பயன்படட்டும்."

காலியா? ஆறாம் வகுப்பிலிருந்து பத்தாம் வகுப்பு வரை நான் உட்கார்ந்து படித்த இடம் அது. பங்குனியில் புங்கம் பூத்ததும் அறிவியல் ஆசிரியை எங்களை வெளியே அழைத்துப்போய், தேனீ பின்னங்காலில் மகரந்தம் சுமப்பதைக் காட்டினார். ஆனி மாதம் நாவல்பழக் கறைபட்ட வெள்ளைச் சட்டையோடு வீட்டுக்குப் போய் அம்மாவிடம் திட்டு வாங்காதவர்கள் எங்கள் வகுப்பில் இல்லை. அது வகுப்பறை. கூரை இல்லாத வகுப்பறை. காலி இடம் இல்லை.

கிளை விழும் என்கிறார்கள். அந்தப் பயம் நியாயம்தான். 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயலில் எங்கள் தெருவே மரங்களுக்கு அடியில் கிடந்தது. அதற்கு ஆண்டுதோறும் மழைக்கு முன் கிளை கழிக்க வேண்டும், அடிமரத்தை அறுக்கக் கூடாது. அடையாறு பிரம்மஞான சபை ஆலமரத்தின் நடுத்தண்டு 1989இல் சாய்ந்தது. விழுதுகளில் அந்த மரம் இன்றும் நிற்கிறது. யாரும் அங்கே பஸ் நிறுத்தவில்லை. பாம்பு வரும் என்பவர்களுக்கு ஒன்றுதான்: ஐந்து வருடத்தில் நான் பார்த்தது ஒரே ஒரு சாரை. அதுவும் எங்களைக் கண்டு ஓடியது.

"உங்கள் பிள்ளை அங்கே படிக்கவில்லையே, உங்களுக்கு என்ன?" என்று ஒரு நண்பரே கேட்டார். வலித்தது. ஆமாம், படிக்கவில்லை. இடம் கேட்டோம், கிடைக்கவில்லை. என் மகனின் பள்ளியில் வாசல் முதல் மைதானம் வரை சிமெண்ட். 2023இல் வெயில் தாங்காது என்று பள்ளித் திறப்பை ஜூன் 12 வரை தள்ளிவைத்தார்கள். திறந்த பிறகும் விளையாட்டு வகுப்பில் அவன் கட்டட நிழலைத் தேடிச் சுவரோரமாக ஒண்டி நின்றிருக்கிறான். பதினோரு வயதுப் பையன், ஓடுவதற்கு விட்ட நேரத்தில். எனக்கு என்ன என்று கேட்பவர்கள் அந்தச் சுவரோரம் ஒரு மதியம் நின்று பார்க்கட்டும்.

கிண்டித் தேசியப் பூங்காவே சுமார் 270 ஹெக்டேர்தான். அதை விட்டால் இந்த ஊருக்கு மிஞ்சிய நிழலில் பெரும்பங்கு இப்படி மதில்சுவர்களுக்குள் இருப்பதுதான். அதையும் காலி இடம் என்றால் எங்கே போவது?

கிணற்றடியில் இன்னும் இரண்டு நாவல்கள் நிற்கின்றன. திங்கட்கிழமை காலை தலைமை ஆசிரியரைப் பார்க்கப் போகிறேன். அங்கே படித்தவர்கள் வந்தால் சேர்ந்து போகலாம்.