பழியைத் தமிழின் தலையில் கட்டாதீர்கள்

‘ஐ நோ ஹிம்’, ‘ஐ ஹேவ் டூ சிஸ்டர்ஸ்’ என்பதற்குப் பதில் ‘ஐ ஆம் நோயிங் ஹிம்’, ‘ஐ ஆம் ஹேவிங் டூ சிஸ்டர்ஸ்’ என்று யாராவது பேசிவிட்டால், தமிழில் யோசித்து ஆங்கிலத்தில் பேசுவதால் வரும் கோளாறு அது என்று சென்னையின் ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்புகளில் சொல்லிவிடுகிறார்கள். எனக்கு இதில் உடன்பாடில்லை. ‘எனக்கு அவரைத் தெரிந்துகொண்டிருக்கிறது’ என்று தமிழில் எவரும் பேசுவதில்லை. ஆங்கிலத்தின் ‘இங்’ போல, செயல் தொடர்வதைக் காட்டுவது தமிழில் ‘கொண்டிரு’; தெரியும், பிடிக்கும், வேண்டும், போதும் ஆகியவற்றோடு அது ஒட்டவே ஒட்டாது. செயல் வேறு, நிலை வேறு என்ற உணர்வு, பள்ளிக்கூடம் போகாத பாட்டிக்கும் இருக்கிறது.

தமிழுக்கு இதில் பங்கே இல்லை என்றும் சொல்ல மாட்டேன். தினமும் காபி குடிப்பதற்கும் இப்போது கையில் டம்ளரோடு குடிப்பதற்கும் ‘குடிக்கிறேன்’ என்ற ஒரே சொல் நமக்குப் போதும்; ஆங்கிலத்துக்கு ‘ஐ டிரிங்க்’, ‘ஐ ஆம் டிரிங்கிங்’ என்று இரண்டு வேண்டும். ஆனால் பெரும்பங்கு வகுப்பறைக்குத்தான். நிகழ்காலம் என்றதுமே ‘இங்’ சேர்த்து எழுதும் பயிற்சியை மாதக்கணக்கில் கொடுத்துவிட்டு, ‘இங்’ சேர்க்கக் கூடாத வினைகள் என்று ஒரு ஜெராக்ஸ் தாளைக் கடைசியில் நீட்டினால், அந்தப் பட்டியல் தேர்வு முடியும்வரைதான் நினைவில் நிற்கும்.

பட்டியலுக்குப் பதில் அதே சொல்லைத் தமிழில் யோசித்துப் பார்க்கச் சொல்வேன். வாக்கியம் ‘நான்’ என்று தொடங்காமல் ‘எனக்கு’ என்று தொடங்கினால், பெரும்பாலும் அங்கே ‘இங்’ வேண்டாம். எனக்குத் தெரியும், எனக்குப் பிடிக்கும், எனக்குப் புரிகிறது, எனக்கு இரண்டு தங்கைகள் இருக்கிறார்கள். ‘எனக்குக் கேட்கிறது’ என்பது ‘ஹியர்’. ‘நான் கேட்கிறேன்’ என்பது ‘லிஸன்’. ‘எனக்குத் தெரிகிறது’ என்பது ‘ஸீ’. ‘நான் பார்க்கிறேன்’ என்பது ‘லுக்’. இரண்டிலும் முன்னது நமக்கு நேர்வது, பின்னது நாம் செய்வது. ‘இங்’ ஏற்பதும் பின்னதுதான். ‘ஐ ஆம் ஹேவிங் லஞ்ச்’ ஏன் சரி என்பதும் இதிலேயே விளங்கிவிடும்; அங்கே ‘ஹேவ்’ என்பது உடைமை அன்று, சாப்பிடும் செயல்.

இந்த வழி எல்லா இடத்திலும் கைகொடுக்காது. ‘எனக்குக் குளிர்கிறது’ என்பதற்கு ‘ஐ ஆம் ஃபீலிங் கோல்டு’ சரிதான். ‘நம்புகிறேன்’ என்பது ‘நான்’ என்று தொடங்கினாலும் ‘பிலீவ்’ வழக்கமாக ‘இங்’ ஏற்காது. ஆனாலும் மனப்பாடப் பட்டியலைவிட இது எவ்வளவோ மேல்.

நிலையைச் சொல்லும் வினைகளோடு ‘இங்’ சேர்க்கக் கூடாது என்ற இந்த விதியை, ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர்களும் இறுகப் பிடித்துக்கொண்டிருக்கவில்லை. ஸ்காட்லாந்தில் ‘ஐ ஆம் வான்ட்டிங்’ என்று இயல்பாகவே பேசுகிறார்கள். மெக்டொனால்ட்ஸ் 2003-இல் ‘ஐ ஆம் லவ்விங் இட்’ என்று உலகமெங்கும் விளம்பரம் செய்தது. அதே அமைப்பை நம் பிள்ளைகள் பேசினால் மட்டும் சிரிப்பு வருகிறது. தேர்வுத் தாளிலும் அலுவலகக் கடிதத்திலும் விதியைப் பின்பற்றட்டும், மறுப்பில்லை. நேர்முகத் தேர்வில் ‘ஐ ஆம் ஹேவிங் த்ரீ இயர்ஸ் எக்ஸ்பீரியன்ஸ்’ என்கிறவரிடம், அந்த மூன்று ஆண்டுகளில் என்ன வேலை செய்தார் என்று அடுத்த கேள்வியைக் கேளுங்கள்.