கோஸ்ஃபோர்டின் மூன்று கோப்பைகளை ‘அதிசயம்’ என்று சொல்லிக் கடந்துபோகாதீர்கள்

2023-24 சீசனில் ஆஸ்திரேலியக் கால்பந்து கிளப்பான சென்ட்ரல் கோஸ்ட் மரைனர்ஸ், லீகின் முதலிடம், லீக் சுற்று முடிந்து நடக்கும் கிராண்ட் ஃபைனல், ஆசிய அளவிலான ஏஎஃப்சி கோப்பை என மூன்று கோப்பைகளை வென்றதை இன்னமும் ‘அதிசயம்’, ‘தேவதைக் கதை’ என்றே பலரும் எழுதிக்கொண்டிருக்கிறார்கள். எனக்கு அந்தப் பேச்சே பிடிப்பதில்லை. ஏழை வீட்டுப் பையன் மாநிலத்தில் முதல் மார்க் வாங்கினால் ‘எல்லாம் ஆண்டவன் கிருபை’ என்று சொல்லிவிட்டு, அவன் கண் விழித்துப் படித்ததை மறந்துவிடுவோமே, அதே பழக்கம்தான் இது. பணக்கார கிளப் ஜெயித்தால் ‘திட்டமிடல்’, இல்லாத கிளப் ஜெயித்தால் ‘அதிசயம்’. என்ன நியாயம் இது?

ஆஸ்திரேலியக் கால்பந்து பக்கம் எட்டிப் பார்க்காதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். சிட்னிக்கும் நியூகாசிலுக்கும் நடுவே கோஸ்ஃபோர்ட் என்றொரு ஊர், மரைனர்ஸின் ஊர். சிட்னி சென்ட்ரலில் ரயில் ஏறினால் ஹாக்ஸ்பரி ஆற்றைத் தாண்டி ஏறக்குறைய ஒன்றரை மணி நேரத்தில் போய்விடலாம். ஸ்டேஷனிலிருந்து நடக்கும் தூரத்தில் மைதானம். மூன்று பக்கம் இருக்கைகள், நான்காவது பக்கம் திறந்தவெளி. அங்கே வரிசையாகப் பனை வகை மரங்கள், அதற்கு அப்பால் உப்பங்கழி. ஸ்பான்சர் புண்ணியத்தில் ராட்சத சாஸ் பாட்டில்களைக் காற்றடித்து நிறுத்தி வைத்திருப்பார்கள். அதைப் பார்த்து மற்ற ஊர்க்காரர்கள் சிரிப்பார்கள். இவர்களும் சேர்ந்து சிரிப்பார்கள்.

2005-இல் ஆஸ்திரேலியாவின் முதல்நிலைக் கால்பந்து லீகான ஏ-லீக் தொடங்கியபோதே இருந்த எட்டு கிளப்புகளில் இதுவும் ஒன்று. ஆனால் எப்போதும் லீகிலேயே குறைவாகச் செலவு செய்யும் கிளப்புகளின் வரிசையில்தான் இருந்திருக்கிறது. 2018-இல் உசேன் போல்ட்டைக் கூட்டிவந்து பயிற்சி ஆட்டத்தில் இறக்கினார்களே, அதே அணிதான். உலகமே அதை வேடிக்கை பார்த்தது. அந்தக் கூத்துக்கு நடுவில் அணி கிடந்த கிடப்பு யாருக்கும் ஞாபகம் இல்லை: 2015-16 முதல் 2019-20 வரையிலான ஐந்து சீசன்களில் நான்கு முறை கடைசி இடம். கீழ்நிலை லீகுக்கு இறக்கிவிடும் முறை இங்கே இருந்திருந்தால் இந்த கிளப் எப்போதோ காணாமல் போயிருக்கும். பொதுவாக அந்த முறை வேண்டும் என்று வாதாடுகிறவன் நான். இந்த ஒரு இடத்தில் மட்டும் வாயை மூடிக்கொள்கிறேன்.

மாற்றம் ஒரே நாளில் வரவில்லை. 2020-21-இல் அலன் ஸ்டாயிச் பயிற்சியில் மூன்றாவது இடம். அவருக்குப் பிறகு நிக் மான்ட்கோமரி. ஷெஃபீல்ட் யுனைடெட்டிலும் பிறகு இதே மரைனர்ஸிலும் ஆடியவர். பெரிய சம்பளக்காரர்களை வாங்க வழியில்லை, அதனால் இருபது வயதைத் தொடாத பையன்களை நம்பி இறக்கினார்கள். வேறு வழியில்லாமல் எடுத்த முடிவு, போகப் போக கிளப்பின் கொள்கையாகிவிட்டது. ஷெப்பர்டனில் வளர்ந்த தெற்கு சூடான் குடும்பத்துப் பையன் காரங் குவோல் மாற்று ஆட்டக்காரராக இறங்கியே பெயர் வாங்கி, இங்கிலாந்தின் நியூகாசில் யுனைடெட் வரை போனான். 2022 உலகக் கோப்பையில் அர்ஜென்டினாவுக்கு எதிராகவும் இறங்கினான். வனுவாட்டுவிலிருந்து வந்த பிரயன் கால்டாக் தடுப்பாட்டத்தில் சுவராக நின்றார். அந்தத் தீவு நாட்டு ஆட்டக்காரரை இந்த லீகில் அதற்கு முன் யாரும் பார்த்ததில்லை.

2023 ஜூன் 3-இல் நடந்த கிராண்ட் ஃபைனலில் மெல்பர்ன் சிட்டியை 6-1 என்று நொறுக்கினார்கள். ஜேசன் கம்மிங்ஸ் ஹாட்ரிக். நான் சொல்லவரும் கதை அங்கிருந்துதான் தொடங்குகிறது.

ஏனென்றால் வென்ற கையோடு அணி கலைந்தது. கம்மிங்ஸ் கொல்கத்தாவின் மோகன் பகானுக்குப் போனார். சாம் சில்வேரா மிடில்ஸ்பரோவுக்கு. நெக்டாரியோஸ் டிரையான்டிஸ் சண்டர்லாண்டுக்கு. ஜேம்ஸ் மெக்கேரி அபர்டீனுக்கு. இதெல்லாம் போதாதென்று சீசன் தொடங்கப் போகும் நேரத்தில், செப்டம்பரில், பயிற்சியாளர் மான்ட்கோமரியே ஸ்காட்லாந்தின் ஹிபர்னியனுக்குக் கிளம்பிவிட்டார். அவசரமாக மார்க் ஜாக்சன் என்ற ஆங்கிலேயர் வந்தார். ஏ-லீகில் முதல் நான்கு ஆட்டங்களும் தோல்வி. ஆசியக் கால்பந்துக் கூட்டமைப்பின் ஏஎஃப்சி கோப்பையிலும் மலேசியாவின் தெரங்கானுவிடம் தோற்றுத்தான் ஆரம்பம்.

நவம்பர் மாதத்தில் இவர்களுக்கு மூன்று கோப்பை என்று யாராவது சொல்லியிருந்தால் அவரைத் தனியாக உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்திருப்போம்.

ஆனால் ஜாக்சன் அங்கே ஒரு காரியம் செய்தார். புதிதாக வருகிறவர்கள் வழக்கமாக எல்லாவற்றையும் புரட்டிப் போடுவார்கள். இவர் இருந்த முறையைக் கலைக்கவில்லை. பையன்களை உட்காரவைத்துவிட்டு அனுபவசாலிகளைத் தேடி ஓடவில்லை. நடுக்களத்தில் மேக்ஸ் பலார்டும் ஜோஷ் நிஸ்பெட்டும். நிஸ்பெட்டின் உயரம் ஏறக்குறைய 160 சென்டிமீட்டர். எதிரணிக்காரனின் தோளுக்குக்கூட வரமாட்டார். ஆனால் பந்தைப் பறித்துக்கொண்டு திரும்பும் வேகத்தைப் பார்க்க வேண்டும். அந்த சீசனில் லீகின் சிறந்த ஆட்டக்காரருக்கான ஜானி வாரன் பதக்கம் அவருக்குத்தான் கிடைத்தது. இடது ஓரத்தில் ஜேக்கப் ஃபாரல். கோலில் 39 வயது டேனி வுகோவிச், அணித்தலைவர். அவரைப் பற்றிப் பிறகு வருகிறேன்.

நம் ஊர் ரசிகர்களுக்கு இந்த சீசன் ஒரு இடத்தில் நெருங்கி வந்தது, பலர் கவனிக்கவில்லை. ஏஎஃப்சி கோப்பையில் தெற்காசியப் பிரிவில் மோகன் பகானும் ஒடிசா எஃப்சியும் ஒரே குழுவில். மோகன் பகான் முதலிடம் பிடித்திருந்தால் கம்மிங்ஸ் தன் பழைய கிளப்பையே எதிர்த்து ஆடவேண்டி வந்திருக்கும். கொல்கத்தாவிலேயே ஒடிசா 5-2 என்று அவர்களைச் சாய்த்துவிட்டு மேலே போனது. 2024 மார்ச்சில் கோஸ்ஃபோர்டுக்கு வந்த அதே ஒடிசாவுக்கு மரைனர்ஸ் போட்டது நான்கு கோல். அடுத்த வாரம் புவனேஸ்வரில் 0-0. இந்திய லீகுக்கும் ஆஸ்திரேலிய லீகுக்கும் எவ்வளவு தூரம் என்று நாம் தேநீர்க்கடையில் வாதாடுவோமே, அதற்கு அந்த இரண்டு ஆட்டங்களையும் பார்த்தால் போதும். கோஸ்ஃபோர்டில் தூரம் அதிகம், புவனேஸ்வரில் அவ்வளவு இல்லை.

இப்போது மே மாதத்துக்கு வாருங்கள். என்னைப் பொறுத்தவரை இந்த சீசனின் உயிர் அங்கேதான்.

மே 1, புதன்கிழமை. தள்ளிவைக்கப்பட்டிருந்த அடிலெய்ட் ஆட்டம். ஜெயித்தால் லீகில் முதலிடம். 2-0 என்று ஜெயித்தார்கள். 55 புள்ளிகள், வெலிங்டன் ஃபீனிக்ஸ் 53. லீக் முதலிடத்துக்கான பிரீமியர்ஸ் பிளேட் கையில். கொண்டாட நேரமில்லை, ஓமானுக்கு விமானம். மஸ்கட்டில் லெபனானின் அல் அஹெத்துடன் ஏஎஃப்சி கோப்பை இறுதி ஆட்டம். 84-ஆவது நிமிடம் வரை கோல் இல்லை. அப்போது காரங்கின் அண்ணன் அலூ குவோல் ஒன்று போட்டான். 1-0. இவனும் ஜெர்மனி வரை போய்விட்டுத் திரும்பி வந்தவன். ஆஸ்திரேலிய கிளப் ஒன்று அந்தக் கோப்பையை வென்றது அதுதான் முதல் முறை. அந்தப் பெயரில் போட்டி நடந்தது அதுவே கடைசி முறையும். திரும்பி வந்து மே 10-இல் அரையிறுதியின் முதல் ஆட்டத்தில் சிட்னி எஃப்சியை அவர்கள் மைதானத்திலேயே 2-1. மே 18-இல் அதன் இரண்டாவது ஆட்டம், கோஸ்ஃபோர்டில் 0-0. மே 25-இல் கிராண்ட் ஃபைனல்.

பயணக் களைப்பு என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் யாரும் தப்பாக நினைத்திருக்க மாட்டார்கள். சின்ன அணி, மாற்று ஆட்டக்காரர்களும் பையன்கள்தான். இதை அதிசயம் என்கிறவர்களிடம் நான் கேட்பது இதுதான்: இருபத்தைந்து நாளில் ஐந்து ஆட்டம், நடுவே ஓமானுக்குப் போய்வந்து, ஒன்றில்கூடத் தோற்காமல் இருப்பதற்கு அதிர்ஷ்டம் எத்தனை முறை உதவும்? அது உடற்பயிற்சிக் குழுவின் வேலை. வாரத்துக்கு இரண்டு ஆட்டம் என்று சீசன் முழுக்க ஓடிப் பழகிய கால்களின் வேலை.

கிராண்ட் ஃபைனலில் மெல்பர்ன் விக்டரி. பாதி ஆட்டம் முடிந்து வந்த சற்று நேரத்தில் ஜேசன் கெரியா கோல் போட்டுவிட்டார். அப்புறம் டோனி பொபோவிச்சின் அணி கதவைச் சாத்தியது. அவர் அணி முன்னிலை வாங்கிவிட்டால் திறப்பது எவ்வளவு கஷ்டம் என்று இந்த லீகைப் பார்ப்பவர்களுக்குத் தெரியும். 90 நிமிடமும் முடிந்து, வீணான நேரத்துக்காக நடுவர் சேர்க்கும் நிமிடங்கள். மாற்று ஆட்டக்காரராக வந்த ரயன் எட்மண்ட்சன் சமன் செய்தார். ஆட்டம் சமனானதால் வந்த முப்பது நிமிட நீட்டிப்பில் இன்னொரு மாற்று ஆட்டக்காரன், 18 வயது மிகேல் டி பிட்ஸியோ, இரண்டாவதைப் போட்டான். கடைசியில் எட்மண்ட்சன் மறுபடியும். 3-1. மூன்று கோலும் பெஞ்சிலிருந்து எழுந்து வந்தவர்கள் போட்டது.

வுகோவிச்சுக்கு அதுதான் கடைசி ஆட்டம். 2008 கிராண்ட் ஃபைனலில், இதே கிளப்புக்கு ஆடியபோது, நியூகாசில் ஜெட்ஸிடம் தோற்ற கடைசி நிமிடங்களில் நடுவரின் கையைத் தட்டிவிட்டு நீண்ட தடை வாங்கியவர். நாடு நாடாகச் சுற்றிவிட்டுத் தொடங்கிய இடத்துக்கே வந்து, மூன்று கோப்பைகளையும் தூக்கிவிட்டுக் கையுறையைக் கழற்றினார்.

இங்கே ஒரு அரசியல் இருக்கிறது. அதைச் சொல்லாமல் விட்டால் இந்தப் பதிவுக்கே அர்த்தமில்லை. அந்த கிராண்ட் ஃபைனல் கோஸ்ஃபோர்டில் நடந்திருக்கவே கூடாது, அதாவது லீகை நடத்துகிறவர்கள் போட்ட கணக்குப்படி. 2022 டிசம்பரில், அடுத்த மூன்று ஆண்டு கிராண்ட் ஃபைனல்களையும் சிட்னிக்கே என்று நியூ சவுத் வேல்ஸ் அரசின் சுற்றுலா அமைப்புக்கு விற்றார்கள். உலகக் கோப்பையில் ஆஸ்திரேலியா நன்றாக ஆடி, ஊரெல்லாம் கால்பந்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்த நேரம் பார்த்துச் செய்த காரியம். ரசிகர்கள் கொதித்தார்கள். மெல்பர்னின் இரு கிளப்புகள் மோதிய டெர்பியில் ரசிகர்கள் களத்துக்குள் புகுந்து, ஒரு கோல்கீப்பருக்கு அடிபட்டு, ஆட்டமே கைவிடப்பட்டது. அந்த வன்முறைக்கு எந்தச் சமாதானமும் கிடையாது. ஆனால் கோபம் நியாயமானது. 2023 அக்டோபரில் அந்த முடிவைத் திரும்பப் பெற்றார்கள்.

2023-இல் மரைனர்ஸுக்கு அந்த ஒப்பந்தம் லாபம் என்று மெல்பர்ன் இருக்கும் விக்டோரியா மாநிலத்துக்காரர்கள் குத்திக்காட்டுவார்கள். சரிதான். முதலிடம் பிடித்தது மெல்பர்ன் சிட்டி, ஆட்டம் நடந்தது சிட்னியின் பரமட்டாவில், கோஸ்ஃபோர்டிலிருந்து கொஞ்ச நேரத்தில் போய்விடலாம். அந்த 6-1-இல் அதற்கும் ஒரு பங்கு இருக்கலாம், நான் மறுக்கமாட்டேன். அதனால்தான் 2024 முக்கியம். இந்த முறை முதலிடம் பிடித்து, உரிமையோடு சொந்த மைதானத்தில் ஆடினார்கள். கோஸ்ஃபோர்ட் கண்ட முதல் கிராண்ட் ஃபைனல். 21,379 பேர், ஒரு இருக்கை பாக்கி இல்லை. சிட்னியின் பெரிய அரங்கில் இன்னும் நிறைய டிக்கெட் விற்றிருக்கலாம். ஆனால் சீசன் முழுக்க உழைத்து முதலிடம் பிடித்த அணிக்கு அந்த லீக் தரக்கூடிய பெரிய மரியாதை சொந்த ஊர்தான். அதை ஹோட்டல் அறைகளின் கணக்குக்காக விற்க யாருக்கும் உரிமையில்லை.

‘ஏஎஃப்சி கோப்பை இரண்டாம் தரப் போட்டிதானே’ என்பார்கள். ஆமாம். பிலிப்பைன்ஸின் ஸ்டாலியன் லகூனாவை 9-1 என்று அடித்ததை வைத்து யாரும் பெருமைப்படத் தேவையில்லை. 2014-இல் ஆசிய சாம்பியன்ஸ் லீகையே வென்ற வெஸ்டர்ன் சிட்னி வாண்டரர்ஸின் சாதனை அதைவிட உயரம், அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் அந்தக் கோப்பையைத் தூக்கிய 2014-15 சீசனில் வாண்டரர்ஸுக்கு உள்ளூர் லீகில் ஒன்பதாவது இடம்தான். இரண்டையும் ஒன்றாக இழுத்துக்கொண்டு போனது மரைனர்ஸ் மட்டும்தான். ஆஸ்திரேலிய கிளப் ஒன்று ஆடிய ஆகச் சிறந்த முழு சீசன் இது என்று நான் சொல்வது அதனால்தான்.

அதன் பிறகு? நிஸ்பெட் ஸ்காட்லாந்தின் ராஸ் கவுன்டிக்கு. பலார்ட் நெதர்லாந்தின் பிரெடாவுக்கு. ஃபாரல் போர்ட்ஸ்மவுத்துக்கு. 2024-25-இல் அணி முதல் ஆறு இடங்களுக்குள்கூட வரவில்லை. ஆசியாவின் உயர்மட்டப் போட்டியில் ஜப்பானிய, கொரிய அணிகளிடம் மூச்சுத் திணறினார்கள். 2025-இல் ஜாக்சனும் தாய்லாந்தின் புரிராம் யுனைடெட்டுக்குப் போய்விட்டார். ‘பார்த்தீர்களா, சொன்னோமே’ என்று அதிசயக் கட்சிக்காரர்கள் மறுபடி கிளம்பிவிட்டார்கள். எனக்கு இதில் ஆச்சரியம் எதுவும் இல்லை. ஆட்டக்காரர்களை விற்றுத்தான் இந்த கிளப்பின் அடுப்பெரிகிறது. 2023-இல் விற்ற பிறகும் ஜெயித்தார்கள், 2024-இல் விற்ற பிறகு முடியவில்லை. ஒவ்வொரு முறையும் அடுத்த பையன் தயாராக இருந்தால்தான் இந்த ஏற்பாடு ஓடும். சில வருடம் இருப்பான், சில வருடம் இருக்கமாட்டான்.

அதே 2024-25-இல் இந்த கிளப்பின் பெண்கள் அணி, லீகுக்குத் திரும்பிய இரண்டாவது சீசனிலேயே, மெல்பர்ன் விக்டரியைப் பெனால்டியில் வென்று சாம்பியன் ஆனது. அதைப் பற்றித் தமிழில் ஒரு பதிவும் என் கண்ணில் படவில்லை. யாராவது எழுதியிருந்தால் கமென்டில் இணைப்பைப் போடுங்கள். இல்லையென்றால் அடுத்ததாக நானே எழுதிவிடுகிறேன்.